உமரிக்கு நடுவே ஆரை

கடல் ஏறிவந்த வயலில் அந்த வருஷம் முதலில் தலைகாட்டியது உமரிதான். வெடித்துக் கிடந்த மண்ணின் மேல் படிந்த வெள்ளை உப்புப் பொருக்கைத் துளைத்துக்கொண்டு, குட்டை குட்டையாக, சிவந்த தண்டுகளுடன் எழுந்து நின்றது. விண்ணரசி கொல்லைக் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அதுதான். வீடு மேட்டில் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கமே வயல். ஆறு மா, அதாவது இரண்டு ஏக்கர். கீழ்வேளூருக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரில், உமரி முளைத்தால் என்ன அர்த்தம் என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உப்பளத்து ஓரத்தில் அது வளரும். கைவிட்ட இறால் குட்டைகளின் கரையில் வளரும். நெல் விளைகிற மண்ணுக்கு அது வராது.

முந்தைய டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிறு பூசை முடிந்து ஜனங்கள் கலைந்துகொண்டிருந்தபோது வடிகால் வாய்க்கால் தலைகீழாக ஓடத் தொடங்கியது. எப்போதும் கிழக்கே போகிற தண்ணீர் மேற்கே வந்தது, கறுப்பாக, இரைச்சலோடு. ஊரில் உயிர் எதுவும் போகவில்லை. கடற்கரைக் குப்பங்களில் நடந்ததை நினைத்தால் வயலைப் பற்றி வாய்விட்டுப் புலம்பவே விண்ணரசிக்குக் கூச்சமாக இருந்தது. ஆனாலும் வயல் வயல்தான். பால் பிடித்திருந்த சம்பா ஒரு வாரத்தில் வைக்கோல் நிறமாயிற்று. அவளுடையது பள்ளம். மற்றவர்கள் வயலில் வடிந்த பிறகும் அவள் வயலில் கடல் நின்றது.

கணவன் எல்வின் வெள்ளிக்கிழமைதோறும் குவைத்திலிருந்து பேசுவான். அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில் அவனுக்கு வேலை. போய் ஒன்பது வருஷமாகிறது. உப்பைப் பற்றி அவனிடம் யாரும் வாதாட முடியாது.

"உப்பு தானா போவாது விண்ணு. நான் இங்க தினம் பாக்குறேன். ஒரு குடம் நல்ல தண்ணி எடுக்க எத்தனை மெஷினு, எவ்வளவு கரண்ட்டு தெரியுமா?"

"அது தண்ணிங்க. இது மண்ணு."

"மண்ணுன்னா இன்னும் மோசம். ஜெனித் சொல்றதைக் கேளு."

ஜெனித் எல்வினின் சித்தப்பா மகன். நாகப்பட்டினத்தில் ஒரு இறால் கம்பெனிக்கு நிலம் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான். கெட்டவன் இல்லை; சுனாமிக்குப் பிறகு ஊர்ச் சனத்துக்குக் கூடாரம் போட்டுக் கொடுத்ததும் அவன்தான். வந்தால் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, அண்ணி கையால் டீ குடிக்காமல் போக மாட்டான்.

"உப்பாயிட்ட நிலம் அண்ணி. அதுல உப்புத் தண்ணிப் பொழப்பே பாத்துட்டுப் போவோம். அஞ்சு வருஷக் குத்தகை. கம்பெனியே வெட்டிக்கும், கம்பெனியே கரை போட்டுக்கும்."

"அஞ்சு வருஷம் கழிச்சு?"

"அதை அப்பப் பாத்துக்கலாம்."

வடக்கே பத்து வருஷத்துக்கு முன்னால் வெட்டிய குட்டைகள் இருந்தன. அயல்நாட்டுக்கு இறால் போகிறது என்று ஊரே ஓடிப்போய் வெட்டியவை. நோய் வந்து இறால் செத்தபின் கம்பெனிக்காரர்கள் தண்ணீருக்குள் காற்றடிக்கும் சக்கரங்களைக்கூடக் கழற்றாமல் போய்விட்டார்கள். அந்த மண்ணில் அதற்குப் பிறகு யாரும் ஏர் வைக்கவில்லை. அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்றவர்கள் இப்போது பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நிலத்தைக் குட்டையாக்கிட்டா நீங்க எதுக்குங்க ஊருக்குத் திரும்பி வரப்போறீங்க?" என்று ஒரு வெள்ளிக்கிழமை அவள் கேட்டுவிட்டாள்.

அந்தப் பக்கம் காலண்டரைப் புரட்டும் சத்தம் கேட்டது.

"சரி. கிறிஸ்துமஸுக்கு லீவுல வர்றேன். நான்தான் கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள அந்த வயல்ல ஒரு நல்ல பச்சையைக் காட்டு. ஜெனித்தை நானே திருப்பி அனுப்புறேன்."

"நல்ல பச்சைன்னா?"

"உமரி இல்லாத பச்சை."

அந்த வருஷம் மேட்டூர் தாமதமாகத்தான் திறந்தார்கள் என்றாலும், ஆவணி முடிவதற்குள் கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது. வேளாண்மை ஆபீசில் சொன்னபடி, உப்பைக் கரைத்து வெளியேற்ற, விண்ணரசி வயலில் தண்ணீரைக் கட்டி, நிறுத்தி, வடிகாலில் திறந்துவிட்டாள். மறுபடி கட்டினாள், திறந்துவிட்டாள். பிறகு வேலியோரத்தில் ஒரு பாய் அகலத்துக்கு நாற்று விட்டுப் பார்த்தாள். முளை வந்தது. நான்கு விரல் உயரம் வந்ததும் நுனி கருகி, செம்பட்டை பாய்ந்து, படுத்துவிட்டது.

அதற்குப் பிறகுதான் ஆரையின் நினைவு வந்தது.

ஆரைக்கீரை அந்தப் பக்கத்து வயல்களில் யாரும் கூப்பிடாமல் வரும் களை. சேற்றில் கொடி ஓடி, மெல்லிய காம்பின் முனையில் நான்கு இலைகளை விரித்து நிற்கும். களையெடுக்கும் பெண்கள் அதை மட்டும் மடியில் தனியாகக் கட்டிக்கொள்வார்கள். கோரை கரைக்கு, ஆரை களையெடுத்தவளுக்கு. வயல்காரர் கேட்கக்கூடாது, அது அங்கே வழக்கம். வடிகால் கரையில் கிழக்கே நடந்து போனால் ஓரிடம் வரை ஆரை இருக்கும். அதற்குமேல் உமரி. இரண்டும் கலந்து நிற்பதை விண்ணரசி பார்த்ததே இல்லை. நெல் நட ஆள் வேண்டும், உரம் வேண்டும், நேரம் வேண்டும். ஆரைக்கு நல்ல தண்ணீரும் நல்ல சேறும் போதும். ஆரை வந்துவிட்டால் மண் தேறிவிட்டது என்று அர்த்தம். பக்கத்து மேட்டு வயலில், ஞானாம்பாள் வயலில், அது வந்துவிட்டிருந்தது. அவள் வயலில் வரவில்லை.

"வரலைன்னா வரவழைக்கிறேன்" என்றாள்.

குளத்துக் கரையில், தண்ணீர் இன்னும் ஏறாத பக்கம், காய்ந்த ஆரைக் கொடிகளின் காலடியில் காய் கிடந்தது. மிளகைவிடச் சற்றுப் பெரிது. பழுப்பு நிறம், கல் மாதிரிக் கெட்டி. ஒரு கிண்ணம் பொறுக்கினாள். விதையை என்ன செய்வது என்று டெல்டாவில் பிறந்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டாம். ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டாள். காலையில் வடித்து, துணியில் முடிந்து, ஈரச்சாக்கைப் போர்த்தி மூட்டம் வைத்தாள். நெல்லாக இருந்தால் மறுநாள் வெள்ளை முளை கட்டியிருக்கும். ஆரைக்காய் போட்டது போட்டபடி இருந்தது. இன்னும் ஒரு நாள் வைத்தாள். இன்னும் ஒரு நாள்.

ஞானாம்பாள் வந்து சாக்கைத் தூக்கிப் பார்த்தாள். நடவுக்கும் களையெடுப்புக்கும் பெண்களைத் திரட்டிக்கொண்டு வருபவள் அவள்தான். விண்ணரசியோடு எட்டாவது வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள்.

"என்னடி இது, கீரைக்கு மூட்டம் போட்டிருக்க? அடுத்து அருகம்புல்லுக்கு நாத்தங்கால் விடுவியா?"

"சிரிக்காத. முளைச்சா உனக்குத்தான்டி கீரை."

"நான் முப்பது வருஷமா பிடுங்கி எறிஞ்ச சனியனை நீ விதைக்கிறியேன்னு பாக்குறேன்."

முளைக்காத காயைப் பாதிக்கு மேல் வேலியோரச் சேற்றில் தூவிப் பார்த்தாள். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. வயலும் வாய்க்காலும் தெரியாமல் ஒரே வெள்ளம். வடிந்தது, மறுபடி ஏறியது, மறுபடி வடிந்தது. வெள்ளைப் பொருக்கு கண்ணில் படவில்லை. ஆரையும் படவில்லை.

கார்த்திகைத் தொடக்கத்தில் மழை விட்ட ஒரு முற்பகல். மிச்சமிருந்த காயை முறத்தில் கொட்டிக்கொண்டு விண்ணரசி கொல்லை வாசற்படியில் உட்கார்ந்தாள். உள்ளே பருப்பு இருக்கிறதா, பதரா என்று பார்த்துவிடுவது என்று முடிவு. கடித்தால் பல் போய்விடும். பாக்குவெட்டியை எடுத்து ஒன்றை வெட்டினாள். பருப்பு இல்லை. வெளிறிய மாவு போல ஏதோ இறுகியிருந்தது. இன்னும் நாலைந்தை வெட்டி, டம்ளர் தண்ணீரில் போட்டாள். விதைநெல்லைத் தேர்வு செய்கிற வழிதான்: நல்லது மூழ்கும், பதர் மிதக்கும். எல்லாம் மூழ்கின. கொஞ்சம் தெம்பு வந்தது. அந்தச் சமயம் ஞானாம்பாள் வேலிப் படலைத் தள்ளிக்கொண்டு வர, இரண்டு பேருக்கும் டீ போட உள்ளே போனாள்.

அடுப்படியில் இருந்தபோதே கத்தல் கேட்டது.

"ஏ விண்ணு! புழுடி!"

ஓடிவந்து பார்த்தாள். டம்ளருக்குள் ஒவ்வொரு காயின் பிளவிலிருந்தும் கண்ணாடி நிறத்தில், வழவழவென்று, நூலைவிடத் தடித்த ஒன்று நீண்டு வெளியே வந்திருந்தது. வளைந்து வளையமாகிக்கொண்டிருந்தது.

"கர்த்தரே" என்றாள் விண்ணரசி.

"இதைப் போயா ஊறப்போட்டு வச்சிருந்த? டீத் தண்ணி எடுக்கிற டம்ளர்டி இது!" ஞானாம்பாள் டம்ளரை வெடுக்கென்று எடுத்து வேலிக்கு மேலே வயல் மூலையில் வீசிக் கொட்டினாள். பிறகு சாம்பல் போட்டு டம்ளரைத் தேய்தேய் என்று தேய்த்தாள்.

விண்ணரசி டீயை ஆற்றிக்கொண்டே நின்றாள். காய் முழுக்கப் புழு. இவ்வளவு நாளாகப் புழுவுக்கு மூட்டம் போட்டிருக்கிறாள். நாற்றும் கருகியாயிற்று. கடைசியாக நம்பியதற்குள்ளும் புழு.

அந்த வெள்ளிக்கிழமை எல்வின் பேசியபோது, "ஜெனித்தை வரச்சொல்லுங்க. உங்க இஷ்டப்படி செய்யுங்க" என்றாள்.

ஜெயித்தவன் குரல் அவனுக்கு வரவில்லை. "சரி விடு. நீ முயற்சி பண்ணித்தானே பாத்த" என்றான். பிறகு சாப்பிட்டாயா என்று இரண்டு தரம் கேட்டான்.

ஜெனித் ஆளோடு வந்து அளந்தான். நான்கு மூலையிலும் சிவப்புத் துணி கட்டிய சவுக்குக் கம்புகளை நட்டான். பண்டிகை முடிந்ததும் பொக்லைன் வரும். நட்ட இரண்டாவது வாரம் ஒரு பெருமழை. மறுநாள் போன் செய்தான்.

"அண்ணி, உங்க கொல்லைப் பக்கத்து மூலைக் கம்பு சாஞ்சு கிடக்காம். கொஞ்சம் நிமித்தி வுட்டுடுங்களேன். கம்பெனி ஆளு வந்து பாப்பான்."

குழி வெட்டுவதற்கு நானே கம்பு பிடிக்க வேண்டுமா என்று முணுமுணுத்தபடி வேலியைத் தாண்டி இறங்கினாள். கணுக்கால் வரை சேறு. கம்பைப் பிடித்து நிமிர்த்தக் குனிந்தவள் அப்படியே குனிந்தபடி நின்றாள்.

கம்பின் அடியில், ஒரு முறத்தளவு இடத்தில், பச்சை. முதலில் பாசி என்று நினைத்தாள். கிட்டே பார்த்தால் புல்லின் ஊசி போல ஒற்றை இலைகள். சிலது இரண்டாகப் பிரிந்திருந்தன. ஓரத்தில் ஒன்றே ஒன்று, சட்டைப் பொத்தான் அகலத்தில், நான்காக விரிந்து நின்றது.

கம்பை அங்கேயே போட்டுவிட்டு ஞானாம்பாள் வீட்டுப் பக்கத்து வேலிக்கு ஓடினாள்.

"ஏ ஞானம்! அன்னிக்கு டம்ளரை எங்கடி கொட்டின?"

"எதுக்கு, இன்னொரு தரம் குடிக்கப் போறியா?"

"வாடி இங்க!"

ஞானாம்பாள் வந்து, சேலையைச் செருகிக்கொண்டு குனிந்து பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். களையெடுத்துப் பழகிய அவள் கை தானாக இலைப் பக்கம் நீண்டது.

"தொட்ட, கையை ஒடிப்பேன்" என்றாள் விண்ணரசி.

புழு எப்படிக் கீரையானது என்று இருவருக்கும் புரியவில்லை. அன்று மதியமே பாக்குவெட்டி மறுபடி வெளியே வந்தது. இந்தத் தடவை டம்ளரை முன்னால் வைத்துக்கொண்டு இருவரும் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்தார்கள். பிளவில் முதலில் ஒரு வெண்மை கசிந்தது. பிறகு அது நீளத் தொடங்கியது. பயமில்லாமல் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதற்குத் தலையில்லை, வாலில்லை, நெளியவும் இல்லை. சவ்வரிசிக் கஞ்சி மாதிரி ஊறிப் பெருகுகிறது, அவ்வளவுதான். அதன் இரண்டு பக்கமும் வரிசையாகச் சின்னச் சின்னப் பொட்டலங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

"புழு ஒரு பக்கமாவது திரும்பிப் பாக்கும்" என்றாள் ஞானாம்பாள். "இது எங்கடி பாக்குது?"

பரிசோதனைக்கு மண் எடுக்க வந்த நஃபீசா அந்த நேரத்தில்தான் வண்டியை நிறுத்தினாள். வேளாண்மை ஆபீசில் புதிதாகச் சேர்ந்தவள், ஆவணியில் தண்ணீர் கட்டி வடிக்கச் சொன்னவள். டம்ளரைப் பார்த்ததும் கைப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அக்கா, இதைக் காலேஜ்ல புத்தகத்துலதான் பாத்தேன்! வெட்டிப் பாக்கணும்னு எப்படித் தோணுச்சு?"

"விதைக்குள்ள பருப்பு இருக்கான்னு பாத்தேன் மேடம்."

"இதுக்கு விதையே கிடையாதுக்கா. பூக்கவும் பூக்காது. பெரணி ஜாதி. இது பாக்கத்தான் காய் மாதிரி. உள்ள இருக்கிறது தூளு. ஸ்போருன்னு சொல்லுவாங்க. இந்தப் பசை ஊறி வெளிய வரும்போது அந்தத் தூளை எல்லாம் முதுகுல தூக்கிட்டு வருது. தண்ணியில அதுங்க ஒண்ணோட ஒண்ணு சேந்தாத்தான் செடி."

"அப்ப நான் ஊறப்போட்டு மூட்டம் வச்சதெல்லாம்?"

"ஓடு அப்படி. உடையலைன்னா உள்ள ஒரு சொட்டுத் தண்ணி போவாது. இருபது வருஷம்கூட அப்படியே கிடக்கும்னு படிச்சிருக்கேன்."

"கடல் தண்ணி?" என்று கேட்டாள் ஞானாம்பாள்.

"நல்ல தண்ணியே போவாதுங்கறேன். கடல் எங்க போவும்?"

விண்ணரசி வயலைத் திரும்பிப் பார்த்தாள். எத்தனை வருஷமாக அந்தச் சேற்றில் ஆரை மண்டியிருக்கிறது. அவ்வளவு காயும் அந்த உப்புக்கு அடியில் ஓட்டுக்குள் மூடிக்கொண்டு கிடக்குமே.

மிச்சமிருந்த காய் அத்தனையையும் அன்று சாயங்காலத்துக்குள் வெட்டினார்கள். ஞானாம்பாளுக்கு விரல் கன்றிப்போனது. "என் மாமியாருக்குக்கூட நான் இவ்வளவு பாக்கு வெட்டினதில்லை" என்றாள். வாளியில் ஊறவைத்து, பசை கிளம்பியதும் விண்ணரசி வயலின் நடுவில் பாதியும் கிழக்குப் பள்ளத்தில் பாதியும் ஊற்றிவிட்டு வந்தாள். நடுவில் உமரி கருகிப் போயிருந்தது. பள்ளத்தில் இன்னும் சிவப்பாக நின்றது.

எல்வினிடம் போனில் சொன்னாள். "மூலையில ஆரை வந்திருக்கு. வந்து பாருங்க."

"மேல மழைத்தண்ணி நிக்கும்ல விண்ணு, அதுல வந்திருக்கும். வேர் கீழ போகட்டும், அப்பத் தெரியும்." பிறகு, "சரி, உப்பு அளக்குற மீட்டர் எடுத்துட்டு வர்றேன்" என்றான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் பொழுது சாயும் நேரத்தில் எல்வின் வந்த வேன் வாசலில் நின்றது. விண்ணரசி குடில் ஜோடித்துக்கொண்டிருந்தாள். பெட்டிகளை இறக்கி, முகம் கழுவியவன் துண்டோடு கொல்லைப்பக்கம் நடந்தான். அவள் பின்னாலேயே போனாள். வேலியோரம் நின்று அவன் குனிந்தான்.

மூலையில் ஆரை இப்போது ஒரு பாய் அகலம் படர்ந்திருந்தது. ஆனால் ஒரு இலைகூட விரிந்திருக்கவில்லை. நான்கு இலையும் ஒன்றோடொன்று மேல்நோக்கிச் சுருண்டு, காம்புகள் மட்டும் குச்சி குச்சியாக நின்றன.

எல்வின் மெதுவாகத்தான் சொன்னான். "சுருண்டுட்டுது பாத்தியா. நான்தான் சொன்னேனே. வேர் கீழ போயிருக்கும், உப்பு பிடிச்சிருக்கும்."

மூன்று வாரமாக அந்த மூலையை வேளைக்கு வேளை பார்த்துக்கொண்டிருந்தவளுக்குச் சிரிப்பு வந்தது.

"தூங்குதுங்க."

"என்னது?"

"பொழுது போனா மடக்கிக்கும். காலையில வந்து பாருங்க. வந்ததும் வராததுமா நீங்க அதை எழுப்பாதீங்க."

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். நம்பவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தான்.

காலையில், பண்டிகைப் பூசைக்குப் போய்வந்து, புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, கைலியோடு அவன் வேலியைத் தாண்டினான். வெயில் பட்ட மூலை முழுக்க நான்கு நான்காக இலை விரிந்து கிடந்தது. குனிந்து ஒரு இலையை விரலால் நிமிர்த்திப் பார்த்தான். பிறகு கைலி மடிப்பிலிருந்து பேனா அளவு மீட்டரை எடுத்தான்.

"தண்ணியில வைக்க மாட்டேன். அது மழைத்தண்ணி. மண்ணுல பாக்கணும்."

"மண்ணுலயே பாருங்க."

மூன்று டம்ளர் கேட்டான். ஆரை நின்ற மூலையில் ஒரு முழம் ஆழத்துக்குக் கையை விட்டு மண் எடுத்தான். வயல் நடுவிலிருந்து ஒரு பிடி. கிழக்குப் பள்ளத்திலிருந்து ஒரு பிடி. தொட்டியில் பிடித்துவைத்த மழைநீரை அளவாக ஊற்றிக் கலக்கி, வாசற்படியில் வரிசையாக வைத்தான். தெளியும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். வடக்குத் தெருவில் வெடிச்சத்தம் கேட்டது. கறிக்கு அரைத்துக்கொண்டிருந்த விண்ணரசி அரைத்த கையோடு எழுந்துவந்து நின்றாள்.

முதல் டம்ளர், மூலை. மீட்டரில் மூன்று இலக்கம் வந்தது. அவன் மீட்டரைத் துடைத்து மறுபடி வைத்தான். அதே எண்.

"நல்லதா, கெட்டதா, சொல்லுங்களேன்."

"இரு."

இரண்டாவது, நடு. முதலைவிட அதிகம், ஆனாலும் மூன்று இலக்கம்தான். மூன்றாவது டம்ளரில் வைத்ததும் எண் ஓடி ஓடி நான்கு இலக்கத்தில் போய் நின்றது.

"அந்தப் பள்ளம் ஆகாது" என்றான்.

"அங்க நான் ஊத்தினது ஒண்ணுகூட வரலீங்க. உமரிதான் நிக்குது."

"நடுவுல?"

"ஊசி ஊசியா வந்திருக்கு. வாங்க காட்டுறேன்."

போய்ப் பார்த்தான். நடுவில், கருகிய உமரித் தண்டுகளுக்கு இடையே, ஒற்றை இலையும் ரெட்டை இலையுமாகத் தலைகாட்டியிருந்தது. பள்ளத்தை நோக்கி நடக்க நடக்கக் குறைந்து, ஓரிடத்தில் நின்றுபோனது. அந்த இடத்தில் எல்வின் குனிந்து, காலால் சேற்றில் ஒரு கோடு இழுத்தான். மீட்டர் இல்லாமலே.

திரும்பி வந்து டம்ளர்களைக் கவிழ்த்தபோது நடுவயல் மண்ணின் அடியில் இரண்டு பழுப்புக் காய் கிடந்தது. கல் என்று நினைத்து எறியப் போனான். விண்ணரசி கையைப் பிடித்தாள்.

"இது நான் போட்டதில்ல. நடுவுல நான் போட்டதெல்லாம் வெட்டினது. இது முழுசு. நம்ம வயலோடது."

அவன் அவற்றை உள்ளங்கையில் உருட்டிப் பார்த்தான். "கடலுக்கு முந்தியா?"

"முந்திதான் இருக்கும்."

"இந்த ஒரு வருஷ மழையில இவ்வளவு உப்பு எறங்கியிருக்கு" என்றான், யாரிடமோ வேலைக்கணக்கு ஒப்பிப்பவன் போல. "நீ தண்ணியைக் கட்டி வடிச்சது, வெள்ளம் வந்து வடிச்சது, எல்லாம் சேந்து. அந்தப் பள்ளத்து ஓரமா வடிகாலை இன்னும் ஒரு முழம் ஆழமா வெட்டிவிட்டா, அடுத்த மழையில அதுவும் எறங்கும்."

"வெட்டுறதுக்கு யாரு இருக்கா?"

"நாப்பது நாள் லீவு இருக்கு எனக்கு."

மதியச் சாப்பாட்டுக்கு ஜெனித் கேக் டப்பாவோடு வந்தான். அண்ணனைக் கட்டிப்பிடித்து வாழ்த்துச் சொல்லிவிட்டு, கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தான். நான்கு சிவப்புத் துணிக் கம்புகளும் வேலியில் சாத்திவைக்கப்பட்டிருந்தன.

"என்னண்ணே, கம்பைப் பிடுங்கிட்டீங்க?"

"குட்டை வேணாம்டா."

"கம்பெனிக்கு நான் என்ன சொல்றது?"

"கீரை முளைச்சிருக்குன்னு சொல்லு."

ஜெனித் அண்ணனையும் அண்ணியையும் மாறி மாறிப் பார்த்தான். "கீரைக்காக யாராவது கான்ட்ராக்டைக் கைவிடுவாங்களா? சிரிக்கப்போறான்."

"சிரிக்கட்டும். உக்காரு, பிரியாணி ஆறுது" என்றாள் விண்ணரசி.

ஞானாம்பாள் பலகாரத் தட்டை வாங்கிப்போக வேலிப் பக்கம் வந்தபோது ஜெனித் இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுக்கொண்டாள். வயல் மூலையைக் காட்டினாள்.

"இப்பவாவது ஒரு கை பறிச்சுக்கவாடி? பருப்புல போட்டுக் கடைஞ்சு எத்தனை நாளாச்சு."

"வேணாம். இன்னும் கொடி ஓடட்டும்."

"ஓடி? ஆவணியில நீ நெல்லு நட்டா இதைப் பூராப் பிடுங்கித்தானே ஆவணும்? பொத்திப் பொத்தி வளக்குற."

விண்ணரசி தட்டில் இன்னும் இரண்டு முறுக்கை எடுத்து வைத்தாள்.

"ஆமாம், பிடுங்கணும். பொம்பளைங்களைக் கூட்டிட்டு நீதான் வரப்போற. மடி நிறையக் கட்டிக்க. அன்னிக்கு நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன்."